தேநீர்க் கடை பெஞ்சில் சாய்தி

சீனத் துறைமுக நகரமான நிங்போவின் ஆற்றுமுகப் பக்கத்தில் சாய்தியைத் தெரியாதவர்கள் குறைவு. மீன் பதனிடும் தொழிற்சாலைக்குச் சிறு பெண்ணாகப் போனவள். தலை நரைத்து ஓய்வு பெறும்வரை ஈரத் தரையில் நின்றபடி நண்டு பிரித்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய குவோலியாங்கைக் கட்டிக்கொண்டாள். ஒரே மகன் தெற்கே எங்கோ வேலைக்குப் போய் அங்கேயே வேர்பிடித்துவிட்டான்.

ஓய்வு கிடைத்தால் காலை நீட்டிப் படுக்கலாம் என்றுதான் நினைத்திருந்தாள். அதற்குள் குவோலியாங்குக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. தூக்கி உட்கார வைப்பது, கஞ்சி ஊட்டுவது, துடைப்பது, திருப்பிப் போடுவது என்று பகலும் இரவும் ஒன்றாகக் கரைந்தன. மனிதர் நல்ல ஆகிருதி. தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது. அவர் இருமினால் எழுந்துவிடுவாள். இருமாவிட்டால், ஏன் இருமவில்லை என்று எழுந்துவிடுவாள்.

அந்தக் கோடையில் ஹாங்சோவிலிருந்து நாத்தனார் யாஃபென் தன் கணவனோடு வந்தாள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். எதையும் தீர்மானித்துவிட்டுத்தான் கேட்பாள்.

"அண்ணி, கிளம்புங்க. மியூசியத்துக்குப் போறோம். அண்ணன இவரு பார்த்துப்பாரு."

"மியூசியமா? அங்க எனக்கு என்னடி இருக்கு?"

"நம்ம ஊரு சரித்திரமே அங்கதான் இருக்கு. இந்த ஊர்லயே பொறந்துட்டு ஒரு தடவை கூடப் போகலன்னா அசிங்கமில்ல? டிக்கெட்டும் கிடையாது."

அந்த நேரத்துக்குப் பேசாமல் படுத்துக்கொள்கிறேனே என்று சொல்ல சாய்திக்கு வாய் வரவில்லை. அண்ணனைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்தவளிடம் அண்ணி தூங்கப் போகிறேன் என்றால் நன்றாகவா இருக்கும்? நல்ல சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு கூடவே போனாள்.

உள்ளே குளுகுளுவென்று இருந்தது. யாஃபென் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கும் நின்று, எழுதியிருந்ததை உரக்கப் படித்தாள். மண்ணிலிருந்து எடுத்த படகு, உடைந்த பீங்கான், கடலோடிகளின் நங்கூரம். சாய்தி தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். ராஜாக்கள் மாறினார்கள், கப்பல்கள் வந்தன, போயின. அவளுக்குக் கால் கடுத்தது.

மேல்தளத்தில் பழைய காலத் தெரு ஒன்றை அப்படியே கட்டிவைத்திருந்தார்கள். மருந்துக் கடை, துணிக் கடை, ஓரமாக ஒரு தேநீர்க் கடை. கடைக்குள் மெழுகுக் கிழவர் ஒருவர் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் பெஞ்சில் இடம் காலியாக இருந்தது. விளக்கும் மங்கல். யாஃபென் துணிக் கடைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தபோது சாய்தி குறுக்கே கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம்தான் என்று நினைத்தாள். தலை தானாகச் சுவரில் சாய்ந்தது.

கூட்டம் வந்தது. கிழவரோடு போட்டோ எடுத்தார்கள், அவளோடும் எடுத்தார்கள். "அந்தக் கைய பாரேன், எவ்வளவு தத்ரூபமா பண்ணியிருக்காங்க!" என்றாள் ஒருத்தி. அவளுடைய குட்டிப் பெண் கயிற்றுக்கு அடியில் நுழைந்து அந்தக் கையைத் தொட்டாள்.

"அம்மா! இந்தப் பாட்டி சுடுது!"

சாய்தி திடுக்கிட்டு எழுந்து, "இருமினாரா?" என்று கேட்டாள். கூட்டம் ஒரு கணம் பின்வாங்கி, பிறகு விழுந்து விழுந்து சிரித்தது. காவலர் ஓடிவந்தார்.

"என்னக்கா இது, உள்ளல்லாம் உக்காரக் கூடாதுக்கா."

யாஃபென் முகம் சிவக்க வந்து சேர்ந்தாள். "மானம் போச்சு அண்ணி! உங்கள எங்க கூட்டிட்டு வந்தாலும் இப்படியா?"

சாய்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"நான் கேட்டேனா யாஃபென்? எனக்குத் தூங்கணும். அவ்வளவுதான். உங்கண்ணன் விழுந்ததுலேருந்து ஒரு ராத்திரி முழுசா நான் தூங்கினதில்ல. மியூசியம், கோயில், கடைத்தெரு எதுவும் வேண்டாம். தூங்கணும்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்துவிட்டார்கள். காவலர் படிக்கட்டுப் பக்கம் கைகாட்டினார்.

"கீழ படம் போடற அறை இருக்கு. இருட்டா இருக்கும், கூட்டமும் வராது. அங்க போய் உக்காருங்கக்கா."

துறைமுகம் எப்படி வளர்ந்தது என்ற படம் அங்கே திரும்பத் திரும்ப ஓடியது. கப்பல் ஊதல்களுக்கு நடுவே சாய்தி வாயைத் திறந்தபடி தூங்கினாள். யாஃபென் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்து, கதவைச் சாத்தும் நேரத்தில்தான் எழுப்பினாள். வழியில் யாஃபென் மீன் வாங்கினாள். அன்று இரவு சமையல் அவளே.

அடுத்த முறை வந்தபோது அவள் எங்கும் கூப்பிடவில்லை. அண்ணனைச் சக்கர நாற்காலியில் ஏற்றி, கணவனோடு ஆற்றங்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "கதவ தாழ் போட்டுட்டுப் படுங்க அண்ணி. சாயங்காலத்துக்கு முன்னாடி வரமாட்டோம்."

சாய்தி படுத்தாள். வீடு அமைதியாக இருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஆளில்லை என்று தெரிந்தும் காது அங்கேயே கிடந்தது. இருமுறை எழுந்து வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தாள். தூக்கம் வெகு நேரம் கழித்துத்தான் வந்தது. வந்தபிறகு, வெளியே அவர்கள் திரும்பி வந்து கதவைத் தட்டியது அவளுக்குக் கேட்கவே இல்லை.