வற்றல் கிட்டங்கியில் கச்சேரி

திருச்சுழியில் அம்மையோடு எழுந்தருளியிருக்கும் திருமேனிநாதன் திருவடிகளைத் தொழுது தொடங்குகிறேன். இசைச் சபையின் செயலாளருக்கு ராக ஞானம் வேண்டியதில்லை. பாடுபவர் மங்களம் பாடி எழும்வரை பதைத்துக்கொண்டிருக்கும் பயிற்சி இருந்தால் போதும். சபை நடத்திக் களைத்த அன்பர்களுக்கு இதை விரிக்க வேண்டாம்.

முதல் தும்மல்

அறுபதுகளின் நடுவில் அருப்புக்கோட்டையில் எங்கள் சபைக்கெனக் கூடம் கிடையாது. மிளகாய் வற்றல் வணிகரான அண்ணாச்சி ஒருவர், சரக்கு விற்றுக் காலியான தம் கிட்டங்கியை நவராத்திரிக்கு மனமுவந்து கொடுத்தார். சுண்ணாம்பு அடித்தோம், மாவிலை கட்டினோம். சோழநாட்டிலிருந்து வந்த பாடகர் ஆலாபனையில் மேல் ஸ்தாயியை எட்டியபோது பிடில்காரர் தும்மினார். அடுத்து மிருதங்கக்காரர். பிறகு பாடகரே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார்.

கேட்க வந்தவர்களோ வற்றல் மூட்டைகளுக்கிடையே வாழ்ந்து பழகியவர்கள். ஒருவர் மூக்கும் அசையவில்லை. முன்வரிசைப் பெரியவர் என்னைக் கடிந்துகொண்டார்: “பாவம், வரும்போதே சளி பிடிச்சிருக்கும். முடியாதவுகளை ஏன் ஐயா கூட்டியாந்தீக?”

தண்ணீர் விட்ட கதை

மறுஆண்டு கிட்டங்கியைக் கழுவத் துணிந்தோம். குடிக்கவே நீர் அரிதான ஊரில், பந்தல்குடிப் பக்கத்துத் தோட்டக் கிணற்றிலிருந்து மாட்டுவண்டியில் பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்தோம். தரைப் பிளவுகளில் பல்லாண்டு படிந்திருந்த வற்றல் தூள் நனைந்து, வெக்கையில் நெடியாய் எழுந்தது. அன்று வந்த பாடகர் கண்ணீர் பெருக்கிப் பாடினார். பக்திப் பரவசமென்று எண்ணிக் கூட்டம் கைகூப்பியது. இரண்டாம் பாட்டோடு கச்சேரி முடிந்தது.

அண்ணாச்சி என்னை ஓரமாக அழைத்தார். “கோவிச்சுக்கிடாதீக ஐயா. வார வருசம் இன்னொரு வட்டம் பாப்போம். அதுலயும் இப்படின்னா கிட்டங்கி கிடையாது. வித்துவானுகளை அழ வச்சு அனுப்புற ஊருன்னு நமக்குப் பேரு வேண்டாம்.”

வாசலில் வித்துவான்

அந்த ஓராண்டும் எனக்கு உறக்கம் குறைந்தது. கிட்டங்கி போனால் சபைக்கு வேறு போக்கிடமில்லை. மூன்றாம் முறை வந்தவர் முதிய பாடகர். நடந்தவற்றை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். வாசலைத் தாண்டாமல் ஒருமுறை மூச்சிழுத்துப் பார்த்தவர், வாசலோரம் மூட்டை ஏற்றும் கல்மேடையிலேயே அமர்ந்துகொண்டார். “உங்க ஊர்க்காராளுக்கு ஒண்ணும் செய்யலைன்னா அவா உள்ளே இருக்கட்டும். நான் இங்கேயிருந்தே உள்ளே பார்த்துப் பாடறேன்” என்றார்.

குரல் தகரக் கூரையில் பட்டு இனிமையாய்த் திரும்பியது. என் பதைப்பு சற்றே தணிந்த வேளையில் காற்றுத் திசை மாறிற்று. பின்சன்னல் வழியே நுழைந்து, நெடியை வாரிக்கொண்டு வாசலுக்கு வந்தது. பாடகர் குரல் இடறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, அண்ணாச்சியே எழுந்துபோய்ப் பின்சன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். உள்ளே புழுக்கத்தில் சட்டைகள் நனைந்தன, ஒருவரும் எழவில்லை. மங்களம் வரை பாட்டு நிற்கவில்லை. “அடுத்த வருசத்துக்கும் ஆளைச் சொல்லிருங்க” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி விசிறியைத் தேடிப் போனார்.

வீரசோழன் ஊருக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டுச் சாலையோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த ராவுத்தர் ஒருவர் என் அருகில் வந்தார்: “பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு ஐயா. ஆனா பாடுறவுக காத்தாட வெளிய இருக்காக. கேக்க வந்தவுகளை உள்ள போட்டு அடைச்சிட்டீகளே, அவுக என்ன தப்பு பண்ணுனாக?”

எழுபதுகளிலும் கல்மேடைக் கச்சேரி தொடர்ந்தபோதிலும், காற்றின் திசையை விட்டு ராகத்தில் மனம் செலுத்த எனக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை. இதைக் கேட்கும் நீங்கள் அனைவரும் திருமேனிநாதன் அருளால் தும்மலின்றித் துயரின்றி நீடு வாழ்க.