படங்கின் உட்பக்கம்

கதை எழுதுவதை விட்டுவிடுவது என்று முடிவு செய்த காலையில்தான் பதுளைச் சந்தைக்குப் போனேன். முகநூலில் போட்ட என் கடைசிக் கதைக்கு மூன்று லைக். அதில் ஒன்று நான் போட்டது. சந்தையில் வெலிமடைக் கிழங்கு மூட்டைகள் மழையில் நனைந்து கிடந்தன. அந்த ஈரச்சாக்கு மணம் அப்படியே அம்மாவின் படங்கு மணம்.

கொழுந்து பறிக்கும்போது தேயிலைச்செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சாக்குத்தான் படங்கு. அம்மா அதில் கலர் நூலால் பூப்போடுவார். அதுவும் சேலையோடு ஒட்டும் உட்பக்கத்தில். ஒருநாள் அது காய்ந்துகொண்டிருந்தபோது அடுத்த வீட்டு ராக்கு அத்தை பார்த்துவிட்டார்.

“ஏங்க மதினி, இம்புட்டு அழக உள்ள வச்சு யாருக்குக் காட்டப் போறீங்க? எனக்கும் ஒரு ரோசாப்பூ போட்டுக் குடுங்க.”

பிறகு எங்கள் லயமே, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகள் எல்லாமே, ரோசாப்பூ கேட்டது. ஆறாவது ரோசாவில் அம்மா ஊசியைக் குத்தி வைத்துவிட்டார்.

“என்னா வரும்னு முன்னாலயே தெரிஞ்சா கை ஓட மாட்டேங்குது.”

மறுநாள் தன் படங்கின் உட்பக்கத்தில் எட்டுக் கால் உள்ள எதையோ ஆரம்பித்தார்.

“என்னம்மா அது?”

“அதத்தான் நானும் பாத்துக்கிட்டு இருக்கேன். நகரு, வெளிச்சத்த மறைக்காத.”

சந்தையிலிருந்து வீட்டுக்கு வந்து, பாதியில் விட்டிருந்த கதையைத் திறந்தேன். அதில் வரும் ஆட்டுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது.