இல்லாததை இல்லை என்றே அனுப்பினேன்

இன்று கிளிநொச்சி அலுவலகத்தில் மேலாளரோடு சண்டை.

சுனாமியில் வீடிழந்த குடும்பங்களின் விபரங்களைக் கணினியில் எக்ஸ்எம்எல் கோப்புகளாகப் பதிகிறோம். கட்டாய விபரம் ஏதும் விடுபட்டால் சிவப்பில் காட்டும்படி நானே ஒரு ஸ்டைல்ஷீட் எழுதி வைத்திருக்கிறேன்.

முள்ளிவாய்க்காலில் இருந்து வந்த அக்கா ஒருவரின் பதிவு சிவப்பாகிவிட்டது. அடையாள அட்டையின், அதாவது ஐசியின், ஒன்பது இலக்க எண் இல்லை.

“ஐசியைக் கடல் கொண்டு போட்டுது பிள்ளை. நம்பரும் நினைவில்லை” என்றார்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். “ஒன்பது சைபரை அடிச்சு விடுங்கோ, சிவப்புப் போயிடும். இண்டைக்கே கொழும்புத் தலைமையகத்துக்கு அனுப்ப வேணும்.”

“அடிச்சால் இவாட்ட ஐசி இருக்கெண்டு ஆகிடும். பிறகு புது ஐசி குடுக்க ஆர் இவாவைத் தேடுவினம்? நான் அடிக்க மாட்டன்.”

“அப்ப வேற ஆளைப் பிடிக்கிறன்.”

“பிடியுங்கோ. நான் இருக்குமட்டும் பொய் போகாது.”

அக்கா கதிரையை விட்டு எழும்பவேயில்லை. “எனக்கு இல்லையெண்டே எழுதுங்கோ பிள்ளை” என்றார், மேலாளரைப் பார்த்தபடி.

சிவப்போடேயே அனுப்பினேன். மாலையில் கொழும்பிலிருந்து பதில் வந்தது. அட்டை தொலைத்த எல்லோருடைய பெயர்களையும் தனியாக அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

மேலாளர் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. நாளைக்கும் கதைக்காவிட்டால் நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

உங்கள் அலுவலகத்தில் எப்படி?