கேக் அக்கா ஓட்டிப் பார்த்த இரண்டு கார்கள்

கேக் அக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் இல்லை. சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் கேக் சுடும் ஓவன் ஒன்று, ஒரு மேசை, கிரீம் பூசச் சுற்றும் தட்டு ஒன்று. அவ்வளவுதான் அவள் கடை. கைநேர்த்தியில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. போன மாதம் வாடகை வண்டிக்காரன் போட்ட ஒரே பிரேக்கில் மூன்றடுக்குக் கல்யாண கேக் பொசுக்கென்று சரிந்துவிட்டது. இந்த ஞாயிறும் ஒரு கல்யாண ஆர்டர். இதுவும் சரிந்தால் அவள் பெயரும் சேர்ந்து சரிந்துவிடும். அடுத்தவன் வண்டியை நம்பினது போதும் என்று கார் பார்க்கக் கிளம்பிவிட்டாள். கணவர்தான் ஓட்டுவார் என்பது யாரும் பேசாமலே முடிவான சங்கதி.

பழைய கார் புரோக்கர் இரண்டைக் காட்டினார். ஒன்று ஆளுயர ஜீப், கறுப்பில் பளபளவென்று. இன்னொன்று வெயிலில் வெளுத்த நீலச் சின்ன கார். ஜீப்பைக் கண்டதும் கணவருக்கு வாயெல்லாம் பல்.

"ஏறி உக்காந்தா ராஜா மாதிரி இருக்கு பாரு!"

"ராஜா இருக்கட்டும். கேக் ஒழுங்கா உக்காருமான்னு பாக்கணும்."

அதற்கென்றே ஒரு கேக் செய்து எடுத்து வந்திருந்தாள். இரண்டடுக்கு, வேண்டுமென்றே இளக்கமாக அடித்த கிரீம், உச்சியில் ஒற்றைச் செர்ரி. டயரை உதைத்துப் பார்க்கிறவர்களைத்தான் புரோக்கருக்குத் தெரியும்.

"என்னக்கா, வண்டிக்குப் பிறந்தநாளா?" என்று சிரித்தார்.

கணவர் ஓட்ட, அவள் பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து, டிக்கியில் வைத்த கேக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஜீப்பில் செர்ரி அசையவே இல்லை. அதே தெருக்களில் நீலக் காரில் போனபோது செர்ரி உருண்டு ஓரத்துக்கு வந்தது, மேலடுக்கு ஒருக்களித்து நின்றது.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்!"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. ஜீப்பில் கைக்குழந்தையோடு போகிறவர் மாதிரி ஊர்ந்த மனுஷன், நீலக் காரில் ஒரு பள்ளத்தைக்கூட விட்டுவைக்கவில்லை!

"ஏங்க, ஜீப்புல தெரிஞ்ச பள்ளமெல்லாம் இதுல கண்ணுக்குத் தெரியலையா?"

அவர் திருதிருவென்று விழித்தார். புரோக்கர் இல்லாத தூசியைத் துடைக்கக் குனிந்துகொண்டார்.

"இறங்குங்க. நான் ஓட்டறேன்."

"நீயா? லைசென்ஸ் எடுத்ததோட சரி, அப்புறம் நீ வண்டியத் தொட்டதே இல்லையே!"

"தொட விட்டாத்தானே?"

கிரீமைச் சீராக்கி, செர்ரியை மறுபடி உச்சியில் வைத்தாள். முதலில் ஜீப். கால்விரல் நுனிக்குத்தான் பெடல் எட்டியது, வண்டியின் மூக்குக்கு முன்னால் சாலையே தெரியவில்லை. வேர்த்து விறுவிறுத்துத் திரும்பியபோது செர்ரி டிக்கித் தரையில் கிடந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பையிலிருந்து வேறொன்றை எடுத்து வைத்தாள்.

நீலக் கார் கிளம்பும்போது ஒரு தடவை உதறியது. அப்புறம் பெடல் காலுக்கடியில் தானாக வந்து நின்றது. பள்ளம் கண்ணுக்குத் தெரிந்தது; ஒதுங்கினாள். பெரிய சாலையில் ஏறியபோது அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. திரும்பி வந்து டிக்கியைத் திறந்தாள். செர்ரி வைத்த இடத்திலேயே இருந்தது.

"ஜீப்னா எல்லா ஆர்டருக்கும் நானே கொண்டுபோய் விட்டிருப்பேன்" என்று கணவர் இழுத்தார்.

"நீங்க ஆபீஸ்ல இருக்கறப்ப?"

அவர் ஜீப்பை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். நீலக் கார் வீடு வந்தது.

ஞாயிறு காலை, கேக்கை ஏற்றிவிட்டு அவர் பழக்கதோஷத்தில் சாவிக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"பின்னாடி உக்காந்து கேக்கப் பாத்துக்கங்க."

ஏறி உட்கார்ந்தவர், "மெதுவாப் போம்மா" என்றார்.

"மெதுவாத்தான் போவேன். கேக் என்னோடது" என்று வண்டியை எடுத்தாள்.