ஓரகத்தியின் எவர்சில்வர் செம்பு

அன்று காலை கிணற்றடியில் இருந்தவர்கள்: மாமியார். நாத்தனார், அவளைத்தான் பெண் பார்க்க வருகிறார்கள். நான், மூத்த மருமகள். ஓரகத்தி இல்லை. திருப்பாச்சூர் கோயிலுக்கு அர்ச்சனை செய்யப் போயிருந்தாள். அவளுடைய எவர்சில்வர் செம்பு இருந்தது.

ஐம்பதுகளின் கடைசி. திருவள்ளூரில் எங்கள் தெருவில் எவர்சில்வர் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். ஓரகத்தி சீராகக் கொண்டு வந்தது. அவளுடைய நைனாவுக்கு மெட்ராஸில் வேலை. அதற்கு முன்னால் வீட்டுக்கு யார் வந்தாலும் என் பித்தளைச் செம்பில்தான் தண்ணீர் கொடுப்பார்கள். என் தாய்வீட்டுச் செம்பு. அவள் வந்த மறுவாரம் அது மாட்டுக் கொட்டகைக்குப் போனது, தவிடு மொள்ள.

யாரிடமும் சொல்லவில்லை. வயிறு எரிந்தது.

அவள் செம்பை யாரும் தொடக் கூடாது. அவளே கழுவுவாள். நான் கரிச்சட்டி தேய்த்தபடி பார்ப்பேன். அரிசி கழுவின தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊற வைப்பாள். துணியில் சலித்த சாம்பலைத் தொட்டு விரலால் மெல்லத் தேய்ப்பாள். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் சீயக்காய். அப்புறம் பிழிந்த எலுமிச்சைத் தோலால் ஒரு சுற்று. அலசினதும் பழைய வேட்டித் துணியால் துடைத்துவிடுவாள். எங்கள் கிணறு உப்பு. துடைக்காமல் விட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். எல்லாம் எனக்கு மனப்பாடம். செம்புதான் இல்லை.

அன்று மாப்பிள்ளை வீட்டாருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டுமே என்று மாமியார் தானே அந்தச் செம்பைத் தேய்க்க உட்கார்ந்தார். புளி, தேங்காய் நார், சோழவரம் சூளைச் செங்கல்லை இடித்த தூள். குத்துவிளக்குக்கு அவர் செய்யும் மரியாதை அது.

"அத்தே, அதுக்குச் செங்கல்லு ஆவாது. கோடு வுழும்" என்றேன்.

மாமியார் நிமிர்ந்தார். "இன்னாடி, அவ சொம்பு மின்னிட்டா உனுக்குக் கண்ணு அவிஞ்சிடுமா? போய் சாணி அள்ளு."

நாத்தனார் சிரித்தாள். "அண்ணி அதையே பாத்துக்கினு கெடக்குதும்மா. கனவுல கூட வரும்போல."

அவள் சொன்னது பொய்யில்லை. கனவிலும் வந்திருக்கிறது. சாணி அள்ளப் போனேன்.

திரும்பி வந்தபோது செம்பு உடம்பெல்லாம் கோடு. பூனை பிறாண்டினது போல. மாமியார் இன்னும் கொஞ்சம் தூள் போட்டுத் தேய்த்தார். கோடு கூடிற்று.

ஓரகத்தி வந்தாள். பூக்கூடையைக் கீழே வைத்தாள். செம்பைப் பார்த்தாள். நேரே என்னைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, இப்ப வயிறு குளுந்துச்சா?"

மாமியார் கையிலிருந்த நாரைக் கீழே போட்டார். பிறகு சொன்னார். "அவ இல்லடி. நாந்தான் தேச்சேன். அவ வாணான்னுதான் சொன்னா." என் முகத்தைப் பார்க்காமலே, "உன் பித்தளைய எடுத்துக்கினு வா. அவங்க வர்ற நேரம் ஆச்சு" என்றார்.

கொட்டகையிலிருந்து எடுத்து வந்தேன். மிச்சமிருந்த அதே புளி, அதே செங்கல் தூள். வியர்க்க வியர்க்கத் தேய்த்தேன். தங்கம் மாதிரி வந்தது. ஓரகத்தி அழுதுகொண்டே தன் செம்பைத் துடைத்தாள். எனக்குப் பாவமாக இல்லை.

கும்மிடிப்பூண்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். நான்தான் தண்ணீர் கொண்டு போனேன். மாப்பிள்ளையின் தகப்பனார் அண்ணாந்து குடித்துவிட்டுச் செம்பைத் தன் மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மா வாங்கவில்லை.

"ஊட்ல எவர்சில்வர் கீதுன்னு தரகரு சொன்னாரே?"

"கீதே" என்றார் மாமியார். உள்பக்கம் திரும்பி, "சின்னவளே, அந்தச் சொம்ப எடுத்துக்கினு வா."

ஓரகத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்து வந்தாள். அந்த அம்மா குடித்தார். செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார்.

"இன்னாமா மின்னுது! மெட்ராஸ்ல இப்டி கோடு போட்டுக்கூட விக்கிறாங்களா?"

"ஆமாங்க. புதுசு" என்றார் மாமியார்.

செம்பு கை மாறிக் கை மாறிப் போனது. ஓரகத்தி முகம் தெளிந்துவிட்டது. நான் பித்தளையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

வந்தவர்கள் ஆறு பேர். என் செம்பில் குடித்தவர் ஒருவர்.