வீடியோ காலில் நையாண்டி மேளம்

சாரல் விழாவுக்கு இந்த வருஷமும் தென்காசியிலிருந்து தனியாகத்தான் பஸ் ஏறினேன். குற்றாலத்தில் மேடையில் நையாண்டி மேளம் தொடங்கியதும், துபாயில் இருக்கும் கணவருக்கு வீடியோ கால் போட்டேன். வேலை முடிந்து வந்து அறையில் படுத்திருந்தார்.

"ஏட்டி, மேடைப் பக்கம் திருப்பு. உன்னத்தான் தெனமும் பாக்கேனே," என்று சிரித்தார்.

திருப்பிப் பிடித்தேன். தவில் வேகமெடுக்க, முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து ஆடினார்கள். கை கடுத்தும் நான் போனை இறக்கவில்லை.

மேளம் ஓய்ந்ததும், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டபடி திரையைப் பார்த்தேன். அங்கே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவருடைய குறட்டை மெல்லக் கேட்டது.

அழைப்பைத் துண்டிக்க மனம் வரவில்லை. சாரல் படாமல் போனை முந்தானைக்குள் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு, அடுத்து வந்த கரகாட்டத்தைப் பார்த்தேன்.