பதினாறாவது ஆள்

பத்திநாதர் பொய் சொன்னார் என்று ஒருவராலும் சொல்ல ஏலாது. அவர் ஒரு வசனத்தைப் பாதியில் நிறுத்தினார், அவ்வளவுதான். அதுவும் வேண்டுமென்று நிறுத்தவில்லை. மிச்சப் பாதிக்கு அவரிடம் பிரெஞ்சு இருக்கவில்லை.

அது எண்பத்திரண்டாம் ஆண்டு மாசி மாதம். ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த வியாபாரக் கிடங்கில் பெட்டி இறக்கிவிட்டு, கைவிரல் விறைத்து, லா சப்பல் மெத்ரோ ரயில் பாலத்துக்குக் கிட்ட வந்தவர், ஒரு கோப்பிக்கடைக் கண்ணாடியில் ‘யோன்’ என்று எழுதியிருந்ததைக் கண்டார். பிறந்த ஊரான பாஷையூரில் அவருடைய சித்தப்பாவும் யோன்தான். மனிசனுக்கு ஒரு துணிவு வந்துவிட்டது. உள்ளே போனபிறகுதான் தெரிந்தது, இந்த யோன் பிரான்சின் தெற்கு மூலையில் பாஸ்க் மலைப்பக்கத்து ஆள், பனைமரம் மாதிரி உயரம், தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று றக்பி பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறான்.

பத்திநாதரும் பார்த்தார். பார்த்தவருக்குத் தன்னை மறந்துவிட்டது. “அட கோதாரி விழுவானே, பக்கத்திலை நிக்கிறவனுக்குக் குடனடா!” என்று தமிழில் ஒரு கத்துக் கத்தினார். சரியான இடத்தில் கத்தினார். யோன் திரும்பி, இந்தக் கறுத்த, மெலிந்த, மூக்கு ஒழுகுகிற மனிதரை மேலும் கீழும் பார்த்து, றக்பி தெரியுமா என்று கேட்டான்.

“நான்... சிலோன்... தேசிய அணி... தெரிவு செய்தவங்கள்,” என்றார் பத்திநாதர், பொறுக்கிச் சேர்த்த பிரெஞ்சில்.

அது முழு உண்மை. இருபத்துநாலு வயதில், கொழும்பில் சுங்கக் கந்தோர் கிளாக்கராக இருந்தபோது, கடல் கடந்து வந்த ஒரு அணியோடு மோத இலங்கை அணிக்கு அவரை எடுத்தார்கள். ஆனால் பதினாறாவது ஆளாக. றக்பியில் களத்தில் நிற்பது பதினைந்து பேர். அந்தக் காலத்தில் மாற்று ஆள் என்றால், காலையில் யாருக்காவது காய்ச்சல் கீய்ச்சல் வந்தால்தான் இறங்கலாம். விசில் ஊதினபிறகு ஒருத்தனுக்குக் கால் முறிந்தாலும் மிச்சம் பதினாலு பேரும் அப்படியே ஆட வேண்டியதுதான். பத்திநாதருக்குச் சட்டை கொடுத்தார்கள், படம் பிடிக்கும்போது வரிசையில் நிற்க விட்டார்கள். பந்துதான் கொடுக்கவில்லை. இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டிக் கொண்டு ஓடினார்.

இந்த மிச்சக் கதையைச் சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள், யோன் மேசைக்கு வெளியே பாய்ந்து வந்து கட்டிப்பிடித்து, அவரை ஒரு கதிரையில் கொண்டுபோய் இருத்திவிட்டான். சிவப்புத் தோல் போட்ட, கைபிடி வைத்த கதிரை. யோனின் தகப்பன் விட்டுப்போனது. தன் நாட்டுக்காகக் களத்தில் இறங்கியவனைத் தவிர ஒருவனும் அதில் குந்தக் கூடாது என்பது அந்தக் கடைச் சட்டம். அப்படிப்பட்ட பெரிய ஆக்கள் எவரும் லா சப்பல் பக்கம் எட்டிப் பார்க்காததால் கதிரை சும்மா தூசி குடித்துக்கொண்டு கிடந்தது. அதற்கு ஒரு ஆள் கிடைத்த சந்தோசத்தில் யோன் எல்லோருக்கும் ஒரு சுற்று வைன் ஊற்றினான்.

நாலு வருசம் போயிற்று. கிடங்கில் அவரை “ஏய்” என்றுதான் கூப்பிடுவார்கள்; அவருடைய நீட்டுப் பெயருக்கு அங்கே ஒருவனுக்கும் பொறுமை இல்லை. யோன் கடையில் அவர் நுழைந்தால், “இதோ நாட்டுக்கு ஆடினவர்!” என்று பத்துக் கிளாஸ் மேலே போகும். இந்த ஊரில் தனக்கும் ஒரு முகம் இருக்கிறது என்று அந்தக் கதிரையில் இருக்கும்போதுதான் அவருக்குத் தோன்றும். இப்போது மிச்சப் பாதியைச் சொல்லப் பிரெஞ்சு வந்துவிட்டது. வாய்தான் வரவில்லை.

“சொல்லிவிடுங்கோவனப்பா,” என்பாள் பெண்சாதி ஞானமலர். “கதிரைதானே. எபினேயிலை எங்கட வீட்டிலையும் நாலு கிடக்கு.”

“உனக்கு விளங்காது ஞானம்.”

அவளுக்கு நல்லாக விளங்கும். அந்தப் போட்டிக்கு முதல்நாள், கோட்டோரம் விங்கில் ஆடவிருந்த மகாலிங்கத்துக்கு ஒரு சின்னக் காய்ச்சல், ஆபத்தில்லாத காய்ச்சல், ஒன்று வர வேண்டும் என்று மனிசன் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினதுகூட அவளுக்குத் தெரியும்.

இப்படி இருக்கையில்தான் எண்பத்தாறு தை மாதம், பிரான்சுக்கும் ஸ்கொட்லாந்துக்கும் போட்டி நடந்த சனிக்கிழமை, லா சப்பல் பலசரக்குக் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த பத்திநாதரின் முதுகில் ஒரு அடி விழுந்தது. “பத்தி அண்ணை!” திரும்பினால் சாட்சாத் அதே மகாலிங்கம்! தலை நரைத்து, வயிற்றில் வண்டி வைத்து, திரான்சியில் மைத்துனர் வீட்டுக்கு வந்து ஒரு மாதமாம். கட்டிப்பிடித்து, கொழும்பு றக்பியைப் பற்றி நாலு வார்த்தை பேசி, கண்கலங்கி முடிவதற்குள் பக்கத்தில் சுப்ராயன் வந்து நின்றார்.

சுப்ராயனைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பிரஜை, தபால் கந்தோரில் ஓய்வு பெற்றவர், பட்டாளத்தில் இருந்தபோது றக்பிப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. யோன் கடையில் பத்திநாதர் கிழக்கு என்றால் இவர் மேற்கு. அந்தக் கதிரையின் மேல் இவருக்கு நாலு வருசமாகவே ஒரு கண்.

“இவர் கொழும்புல உங்க கூட ஆடினவரா? அப்ப வாங்க மிசே, மேட்ச் பாக்கலாம். பழைய கதையெல்லாம் கேக்கணும்,” என்றார் சுப்ராயன், மகாலிங்கத்தின் கையைப் பிடித்து.

றோட்டைக் கடக்கும்போது பத்திநாதர் மகாலிங்கத்தை ஒரு பக்கம் இழுத்து, “தம்பி, அங்கை என்னைப்பற்றி ஏதும் கேட்டால்... விட்டுக்குடுத்திடாதை,” என்றார். திரும்பவும் பாதி வசனம். மனிசன் திருந்தினால்தானே! மகாலிங்கம் அவரை ஒரு நிமிசம் பார்த்துவிட்டு, “யோசியாதையுங்கோ அண்ணை,” என்றான்.

போட்டி நாசமாய்ப் போனது. பிரான்ஸ்காரர் இரண்டு தரம் பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் ட்ரை வைத்தார்கள், ஸ்கொட்லாந்துக்காரர் ஒரு தரம்கூட வைக்கவில்லை. ஆனாலும் பிரான்ஸ்காரர் செய்த தவறுகளுக்கெல்லாம் கிடைத்த தண்டனை உதைகளை ஸ்கொட்லாந்துக்காரர் ஒவ்வொன்றாகக் கம்பத்துக்கு மேலே அனுப்பி, ஒரே ஒரு புள்ளியால் வென்றுவிட்டார்கள். ஒரு புள்ளி! யோன் துடைக்கிற துணியைச் சுவரில் எறிந்தான்.

அதற்குப் பிறகுதான் உண்மையான ஆட்டம். யோன் கடை வழக்கம் என்னவென்றால், போட்டி முடிந்ததும் மேசையில் பதினைந்து சீனிக்கட்டியை அடுக்குவான். ஒவ்வொரு கட்டியும் ஒரு ஆட்டக்காரன். அடுத்த போட்டிக்கு யார் இருக்கலாம், யார் போகலாம் என்று கடையே சண்டை பிடிக்கும். ‘தூக்கு’ என்று முடிவானவனை யாருடைய கோப்பிக்குள்ளாவது போட்டுக் கலக்கிவிடுவான்.

“முன்வரிசையிலை இந்த ரெண்டு பேரையும் தூக்கு. கை சும்மா கிடக்காமல் குற்றம் செய்து செய்து புள்ளி குடுத்ததே இவங்கள்தான்,” என்றார் பத்திநாதர் கதிரையில் இருந்தபடி.

“அவனுங்கள தூக்கிட்டா யாரு முட்டுறது, நீங்களா?” என்று பாய்ந்தார் சுப்ராயன். “தப்பு பின்னால நிக்கிறவங்க மேல. பந்த உதைச்சு உதைச்சு எதிராளி கையிலயே குடுத்தானுங்க. அப்பிடி ஆட விட்ட கப்பித்தேன தூக்கணும்.”

“தலைவனைத் தூக்குறதோ? விசர்க் கதை கதையாதையுங்கோ!”

“நான் பேசுறது பைத்தியக்காரத்தனமா? சரி, நீங்க நாட்டுக்கு ஆடினவரு, பெரியவரு. அன்னைக்கு என்னதான் பண்ணிக் கிழிச்சீங்க? நாலு வருஷமா கேக்கிறேன், ஒரு கதை வரல. இதோ கூட ஆடினவரே இருக்காரு. சொல்லுங்க மிசே மகாலிங்கம், இவர் எப்பிடி ஆடினாரு?”

யோன் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

மகாலிங்கம் தொண்டையைச் செருமினான். “எப்பிடி ஆடினாரோ? அன்றைக்கு எங்கட அணி வைச்சது ஒரே ஒரு ட்ரை. அதை வைச்சவர் இவர்தான்.” பிறகு எழும்பி நின்று கையாலும் காலாலும் காட்டத் தொடங்கினான். பந்து எப்படி இடது பக்கம் வந்தது, இவர் எப்படிக் கோட்டோரமாக ஓடினார், முதலாவது ஆளை எப்படி ஏமாற்றினார், இரண்டாவது ஆள் காலைப் பிடிக்க எப்படி விழுந்துகொண்டே பந்தைக் கோட்டுக்கு அப்பால் அமத்தினார், சனம் எப்படித் தொப்பியைக் கழற்றி எறிந்தது எல்லாவற்றையும் சொன்னான். சுப்ராயன் பிரெஞ்சில் மாற்றிச் சொல்லச் சொல்ல, அவருடைய குரலே மாறிக்கொண்டு வந்தது. முடிந்ததும் கடை இடிந்து விழுகிற மாதிரிக் கைதட்டு. யோனுக்குக் கண் நிறைந்துவிட்டது. சுப்ராயன்கூடத் தன் தொப்பியைக் கழற்றினார்.

பத்திநாதர் மட்டும் கல்லாய் இருந்தார். அந்த ஓட்டத்தை அவருக்குத் தெரியும். கோட்டுக்கு வெளியே, தோடம்பழத் தட்டோடு நின்று முழுக்கப் பார்த்தவர் அவர். அது மகாலிங்கத்தின் ட்ரை. ஒரு மனிசன் தன் ஆயுளில் நாட்டுக்கு வைத்த ஒரே ஒரு ட்ரையை, ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்காமல், பெட்டி இறக்குகிற ஒரு பழைய சிநேகிதனுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரிக் கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறான்! அவருக்குக் கதிரை சுட்டது.

எழும்பிவிட்டார்.

“இல்லை. அது இவன்ரை ட்ரை,” என்றார் பிரெஞ்சில், எல்லோருக்கும் கேட்க. “ஓடினது இவன், விழுந்தது இவன். நான் பதினாறாவது ஆள். என்னைத் தெரிவு செய்தவங்கள், ஆனால் நான் இறங்கேல்லை. தோடம்பழம் வெட்டிக் குடுத்தனான். இந்தக் கதிரை என்னுடையதில்லை யோன்.”

“அண்ணை, என்ன வேலை இது!” என்று மகாலிங்கம் கையைப் பிடித்தான். பத்திநாதர் அந்தக் கையாலேயே அவனை இழுத்துச் சிவப்புக் கதிரையில் இருத்தினார்.

“நாலு வருசமாக எங்களை ஏமாற்றியிருக்கிறார்,” என்று மூலையில் இருந்து ஒருவன் முணுமுணுத்தான். அவ்வளவுதான், சுப்ராயனுக்கு வந்ததே கோபம்!

“யாரு ஏமாத்தினது? தேர்ந்தெடுத்தாங்கன்னு சொன்னாரு. தேர்ந்தெடுத்தாங்க. எத்தனை நிமிஷம் ஆடினேன்னு நீ கேட்டியா? நான் கேட்டனா? இங்க எல்லாரும் கைய தட்டினப்ப வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தா யாருக்குத் தெரியும்? எழுந்தாருய்யா மனுஷன்! தேர்வுன்னா தேர்வுதான். யோன், அந்தக் கதிரையில அவருக்கும் பங்கு இருக்கு.”

நாலு வருசத்தில் முதல் தடவையாகச் சுப்ராயன் பத்திநாதர் பக்கம் நின்று வாதாடினார். வாதாடித் தோற்றார். யோன் தலையை ஆட்டினான். களத்தில் இறங்கினவனுக்குத்தான் கதிரை, அது அப்பாவின் சட்டம் என்று சொல்லிவிட்டு, ஒருவர் முகத்தையும் பாராமல் மேசையைத் துடைத்தான்.

வெளியே வந்து பாலத்துக்குக் கீழே நடக்கும்போது பத்திநாதர் மிச்சத்தையும் கொட்டினார். “தம்பி, உனக்குக் காய்ச்சல் வரட்டும் எண்டு நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினனான்.”

மகாலிங்கம் நின்றுவிட்டான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான். “எவ்வளவு பெரிய மெழுகுதிரி?”

“சின்னன்தான்.”

“அதுதான் அண்ணை வேலை செய்யேல்லை!”

இரண்டு கிழமை கழித்து அயர்லாந்தோடு போட்டி. பத்திநாதர் போக மாட்டேன் என்று கட்டிலில் படுத்தார். மகாலிங்கம் திரான்சியில் இருந்து எபினேக்கே வந்து, ஞானமலர் பின்னால் இருந்து தள்ள, இழுத்துக்கொண்டு போனான். கடையில் சிவப்புக் கதிரைக்குப் பக்கத்தில் யோன் ஒரு மரக்குத்தியைப் போட்டிருந்தான்.

“மாற்று ஆள் இருக்கிற இடம். அதுவும் சட்டம்தான். வேறு ஒருவனும் இருக்கக் கூடாது,” என்றான், வேறெங்கோ பார்த்தபடி.

பத்திநாதர் குந்தினார். குத்தி சும்மா கல்லு மாதிரி. பரவாயில்லை, பழகின இடம்தான்.

இந்தத் தரம் பிரான்ஸ்காரர் பந்தைத் தூக்கினால் அயர்லாந்துக்காரர் விலகி வழிவிட்ட மாதிரி இருந்தது. கடை முழுக்கக் கொண்டாட்டம். முடியச் சரியாகப் பத்து நிமிசம் இருக்கையில், கதிரையில் இருந்த மகாலிங்கம், “ஐயோ அம்மா!” என்று அலறி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் சரிந்தான்.

பத்திநாதர் பதறிப்போய்க் குனிந்தார். “என்னடா? என்ன செய்யுது?”

மகாலிங்கம் ஒரு கண்ணைத் திறந்தான். “காய்ச்சல் எண்டால் நம்பமாட்டாங்கள் அண்ணை,” என்றான் மெல்ல.

இந்தக் காலத்துச் சட்டம் வேறு. காயம்பட்டவனை வைத்தியர் பார்த்து, ஏலாது என்று சொன்னால் மாற்று ஆள் இறங்கலாம். அது அந்தக் கடையில் எல்லோருக்கும் தெரியும். சுப்ராயன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, அந்த முழங்காலைத் தட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், எழும்பி நின்று மிகுந்த கவலையோடு யோனைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினார். முடியாது.

யோன் மேசைக்குப் பின்னால் நிமிர்ந்தான். விரல் இரண்டை வாயில் வைத்து ஒரு விசில் ஊதிவிட்டு, “மாற்றம்!” என்று கத்தினான்.

கடை எழும்பி நின்றது. பத்திநாதர் கோட்டைக் கழற்றி மகாலிங்கத்தின் கையில் கொடுத்தார். நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டார். ஒரு எட்டுத்தான் தூரம், அதை ஓடிப்போய்த்தான் கதிரையில் இருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது ஞானமலர் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். “என்னப்பா, வெண்டுட்டாங்களோ?”

“ஓம், வெண்டுட்டம்,” என்றார் பத்திநாதர். அங்கேயே நின்றார். இந்தத் தரம் வசனத்தைப் பாதியில் விடவில்லை.

“கடைசிப் பத்து நிமிசம் நான் இறங்கினனான் ஞானம்.”